மருந்துக் கடை, சந்துக் கடை, பிரின்சஸ் தெரு: மூன்று பெராக்சைடு புட்டிகள்

மும்பை தாராவியில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும். விளக்கம் தமிழில் நடக்கும். வினையூக்கி (தான் செலவாகாமல் வினையை வேகப்படுத்தும் பொருள்) பாடம் எடுக்கும் மே மாதத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்குவது வழக்கம். இந்த ஆண்டு ஒரே வாரத்தில் மூன்று கடைகளில் மூன்று புட்டிகள் வாங்க நேர்ந்தது. அவற்றுள் ஒன்று வகுப்பின் நடுவிலேயே கைவிட்டுவிட்டது. காரணத்தைத் தேடி மூன்றையும் அளந்து பார்த்தேன். வீட்டில் காயத்துக்கும் கறைக்கும் இதை வாங்கி வைப்பவர்களுக்கும், கல்லூரி ஆய்வகத்துக்கு வாங்குபவர்களுக்கும் பயன்படும் என்பதால் அளவுகளோடு எழுதுகிறேன்.

முதல் புட்டி மாட்டுங்காவில் ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள ஒரு மருந்துக் கடையில் வாங்கியது. 400 மில்லி, 80 ரூபாய். கெட்டியான, வெளிச்சம் புகாத பழுப்பு நிறப் புட்டி. மூடிக்குள் தனி அடைப்பு. தயாரிப்பு மாதம், காலாவதி மாதம், தொகுதி எண் எல்லாம் தெளிவாக அச்சாகியிருந்தன. '6 சதவீதம், 20 வால்யூம்' என்று போட்டிருந்தது. இந்த 'வால்யூம்' என்ற சொல் பலரைக் குழப்புகிறது. ஒரு மில்லி கரைசல் முழுவதும் சிதைந்தால், திட்ட வெப்ப அழுத்த நிலையில் (0 டிகிரி செல்சியஸ், ஒரு வளிமண்டல அழுத்தம்) எத்தனை மில்லி ஆக்சிஜன் வாயுவைத் தரும் என்பதே அந்த எண். 20 வால்யூம் கரைசலின் ஒரு மில்லியிலிருந்து 20 மில்லி ஆக்சிஜன் கிடைக்க வேண்டும். முடிக்குச் சாயம் போடுகிறவர்கள் 20, 30, 40 வால்யூம் என்று சொல்வதும் இதே கணக்குதான்; அவை முறையே 6, 9, 12 சதவீதம்.

இரண்டாவது புட்டியை அவசரத்தில் வாங்கினேன். முதல் புட்டியைப் பிள்ளைகள் பாதிக்கு மேல் செலவழித்துவிட்டார்கள்; மறுநாள் வகுப்புக்குப் போதாது. வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் பினாயில், ஆசிட், சோப்புத் தூள் விற்கும் ஒரு சிறிய கடையில் கேட்டதும் கிடைத்தது. அரை லிட்டர் 40 ரூபாய். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் புட்டி, திருகு மூடி, கையால் எழுதி ஒட்டிய காகிதத்தில் '6%'. தேதி கிடையாது. தகரக் கூரைக்குக் கீழே, வெயில் படும் முன் தட்டில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். வாங்கும்போதே புட்டியின் அடிப்பாகம் சற்றுப் புடைத்திருந்ததைப் பார்த்தேன். மேசையில் வைத்தபோது நேராக நிற்காமல் ஆடியது. மூடியைத் திருகியதும் சோடா புட்டியைத் திறந்ததுபோல் ஓசை வந்தது. அந்த ஓசையே போதுமான சாட்சி. உள்ளே இருக்க வேண்டிய பொருளின் ஒரு பகுதி ஏற்கெனவே வாயுவாக மாறி, வெளியேற வழியில்லாமல் புட்டியை அழுத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் வகுப்பில் அளந்தோம். முறை எளிமையானது. ஒரு கூம்புக் குடுவையில் 5 மில்லி பெராக்சைடு. அதற்குள்ளேயே, இங்கே வினையூக்கியாக, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டை வெதுவெதுப்பான நீரில் கரைத்து நிரப்பிய ஒரு சின்ன ஹோமியோபதி மருந்துக் குப்பி, சாயாமல் நிற்கும்படி. ரப்பர் அடைப்பானால் குடுவையை மூடி, அதிலிருந்து போகும் குழாயின் முனையை, வாளி நீரில் கவிழ்த்து வைத்த 250 மில்லி அளவு உருளைக்குள் விட வேண்டும். பிறகு குடுவையைச் சாய்த்தால் குப்பி கவிழும். ஈஸ்ட்டும் பெராக்சைடும் கலக்கும். மருந்துக் கடைப் புட்டியின் கரைசல் கலந்த அடுத்த நொடியே பொங்கிக் குடுவையின் கழுத்து வரை நுரைத்தது. வாளிக்குள் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளியின்றி ஏறின. குடுவையைத் தொட்ட மாணவி சூடு தெரிகிறது என்றாள். அது ஆறும் வரை காத்திருந்து, உருளையின் உள்ளும் வெளியும் நீர்மட்டம் சமமாகும்படி பிடித்துப் படித்தபோது 110 மில்லி.

5 மில்லிக்கு 100 மில்லிதானே வர வேண்டும், கூடுதலாக எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்டார்கள். அன்று அறையின் வெப்பநிலை 32 டிகிரி, வாயு விரிந்திருக்கும். போதாததற்கு நீராவியும் அதில் கலந்திருக்கும். இரண்டையும் கணக்கில் கொண்டால் முழு வலிமையுள்ள 20 வால்யூம் கரைசல் சுமார் 117 மில்லி தந்திருக்க வேண்டும். 110 என்பது 18.8 வால்யூமுக்குச் சமம். திறந்து நான்கு நாள் ஆன புட்டிக்கு இது நல்ல மதிப்பு என்றே சொல்வேன். சந்துக் கடைப் புட்டி அதே 5 மில்லிக்கு 42 மில்லி மட்டுமே தந்தது. கணக்கிட்டால் 7.2 வால்யூம், சதவீதத்தில் இரண்டுக்குச் சற்று மேல். லேபிளில் எழுதியதில் மூன்றில் ஒரு பங்குதான் புட்டியில் இருந்தது.

ஒரே முறையை மட்டும் நம்பக் கூடாது என்பதால் பெராக்சைடோடு சேர்ந்தால் நிறமிழக்கும் ஊதாநிறப் பெர்மாங்கனேட்டைக் கொண்டும் தரம் பார்த்தேன். 10 மில்லி கரைசலை 250 மில்லியாக நீர்த்து, அதில் 10 மில்லி எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து 0.02 மோலார் பொட்டாசியம் பெர்மாங்கனேட் விட வேண்டும். முதல் சில சொட்டுகளின் ஊதா நிறம் மறையாமல் சில விநாடிகள் அப்படியே தங்கும். புதியவர்கள் அதையே முடிவுநிலை என்று நினைத்து நிறுத்திவிடுவார்கள். குடுவையைச் சுழற்றிப் பொறுமையாகக் காத்திருந்தால், வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே வினையூக்கியாகி, அடுத்த சொட்டுகளை விழுந்தவுடன் நிறமிழக்கச் செய்யும். கடைசியில் ஒரே ஒரு சொட்டில், ரோஜா இதழின் ஓரம்போல இளஞ்சிவப்பு நிலைத்து நிற்கும். மருந்துக் கடைப் புட்டிக்கு 13.3 மில்லி செலவானது, அதாவது 5.66 சதவீதம். சந்துக் கடைப் புட்டிக்கு 5.1 மில்லி, அதாவது 2.17 சதவீதம். வாளியும் பியூரெட்டும் ஒரே பதிலைச் சொன்னதால் இனி சந்தேகத்துக்கு இடமில்லை.

பெராக்சைடு ஏன் இப்படிச் சிதைகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் எந்தப் புட்டியை வாங்குவது என்பது விளங்கும். நீரில் இரண்டு ஹைட்ரஜனுக்கு நடுவே ஓர் ஆக்சிஜன். பெராக்சைடில் இரண்டு ஆக்சிஜன்கள் கைகோத்து நிற்கின்றன; ஒவ்வொன்றின் மறுபக்கத்திலும் ஒரு ஹைட்ரஜன். வடிவம் தட்டையானதன்று, பாதி திறந்த புத்தகம் போன்றது: முதுகு மடிப்பில் ஆக்சிஜன்கள், இரண்டு பக்கங்களில் ஆளுக்கொரு ஹைட்ரஜன். வாயு நிலையில் அந்தப் பக்கங்களுக்கு இடையேயான கோணம் ஏறத்தாழ 111 டிகிரி. பலவீனம் முழுவதும் அந்த மடிப்பில்தான் இருக்கிறது. நீரிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிரிக்க மோலுக்கு 497 கிலோஜூல் வேண்டும். பெராக்சைடின் ஆக்சிஜன்–ஆக்சிஜன் பிணைப்பை முறிக்க 210 அளவே போதும். முறிந்த பிறகு கிடைக்கும் நிலையோ நிம்மதியானது. பெராக்சைடில் ஆக்சிஜனின் ஆக்சிஜனேற்ற எண் மைனஸ் ஒன்று; நீரில் மைனஸ் இரண்டு, ஆக்சிஜன் வாயுவில் சுழி. மாடிப்படியின் நடுவில் நிற்கிறவரைப் போல, பாதி கீழே இறங்கி நீராகிறது, பாதி மேலே ஏறி வாயுவாகிறது. இந்த விகிதச்சிதைவில் ஒவ்வொரு மோல் பெராக்சைடுக்கும் சுமார் 98 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. மாணவி உணர்ந்த சூடு அதுதான்.

வெப்ப இயக்கவியலைக் கேட்டால் புட்டியில் இருப்பது முழுவதும் எப்போதோ நீராகியிருக்க வேண்டும். தூய்மையான பெராக்சைடு, தூய்மையான கலத்தில், குளிர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம், சிதைவின் பாதை கடினமாக இருப்பதுதான். பாதையைச் சுலபமாக்கும் எதுவும் அதற்கு எதிரி. வெளிச்சம், காரத்தன்மை, தூசி, இரும்பு, செம்பு, மாங்கனீசு ஆகியவற்றின் சிறு துளி போதும். இரும்பு அயனி பெராக்சைடை உடைத்து ஹைட்ராக்சில் தனிஉறுப்பை (எதனோடும் உடனே வினைபுரியும் மூலக்கூறுத் துண்டு) உண்டாக்குகிறது. இரும்பின் மறுவடிவம் இன்னொரு பெராக்சைடு மூலக்கூறைப் பிடித்துப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. சுழற்சி மீண்டும் தொடங்குகிறது. வேதியியலாளர் ஃபென்டன் 1894இல் இரும்பையும் பெராக்சைடையும் சேர்த்துப் பார்த்ததும், ஹேபரும் வெய்ஸும் 1934இல் ஹைட்ராக்சில் தனிஉறுப்பைக் கொண்டு விளக்கம் சொன்னதும் இந்தச் சுழற்சியைத்தான். இரும்பு செலவாவதில்லை என்பதால் துருவின் ஒரு பொடி ஒரு புட்டியையே காலி செய்யும். தயாரிப்பாளர்கள் பாஸ்பேட்டையும் வெள்ளீயச் சேர்மங்களையும் நிலைப்படுத்தியாகச் சேர்த்து, இப்படிப்பட்ட உலோக அயனிகளைக் கட்டிப்போடுகிறார்கள்; கரைசலைச் சற்று அமிலமாகவும் வைத்திருக்கிறார்கள். வெப்பநிலை 10 டிகிரி உயரும்போது சிதைவின் வேகம் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் கூடுகிறது. 22 டிகிரியில் இருக்க வேண்டிய புட்டி தகரக் கூரையின் கீழ் 42 டிகிரியில் இருந்தால், ஏறத்தாழ ஐந்து மடங்கு வேகத்தில் சிதையும்.

சந்துக் கடைப் புட்டியில் அமிலத்தாளை (pH தாள்) நனைத்துப் பார்த்தேன். 7 என்ற நடுநிலை எண்ணை ஒட்டிக் காட்டியது. மருந்துக் கடைப் புட்டி 4 என்ற அமில எண்ணைக் காட்டியது. எண்ணைப் பார்த்ததும் எங்கே தவறு என்பது புரிந்துவிட்டது. கடைக்குத் திரும்பிப் போய்க் கேட்டபோது கடைக்காரர் மறைக்கவில்லை. "கேன்ல வர்றது ரொம்பக் காட்டமா இருக்கும் மிஸ், கையில பட்டாலே வெளுத்துடும். தண்ணி ஊத்தித்தான் புட்டில அடைப்போம்" என்றார். எந்தத் தண்ணீர் என்றேன். "குழாய்த் தண்ணிதான்." தொழிற்சாலைகளுக்கு அடர்த்தியாக வரும் கரைசலை, குழாய் நீரில், அளவு பார்க்காமல், பழைய புட்டிகளில் நீர்த்திருக்கிறார். குழாய் நீரின் காரத்தன்மை அமிலத்தை ஈடுகட்டிவிட்டது. பழைய இரும்புக் குழாயின் துரு மிச்ச வேலையைப் பார்த்தது. அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் காற்றுப் போக வழியில்லாத மூடிக்குள் சிதையும் பெராக்சைடு வெடித்துச் சிதறக்கூடியது. அடர்த்தியான கேனைக் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் சாய்ப்பது அதைவிட ஆபத்தானது. இந்தப் புட்டியை யாரும் வாங்க வேண்டாம் என்பதே என் மதிப்பீடு. பணத்தைத் திருப்பித் தந்தார். அதைவிட, முன் தட்டிலிருந்த மற்றப் புட்டிகளை என் கண்முன்னேயே உள்ளே எடுத்து வைத்து மூடிகளைத் தளர்த்தியது எனக்கு ஆறுதலாக இருந்தது.

மூன்றாவது புட்டி 100 வால்யூம், அதாவது 30 சதவீதம். கல்லூரியில் பணிபுரியும் ஒரு தோழிக்காக பிரின்சஸ் தெருவில் வாங்கினேன். ஆய்வகக் கண்ணாடிக்கும் வேதிப்பொருளுக்கும் மும்பையில் பலரும் போகும் இடம் அது. நான் போன கடையில் கல்லூரிக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகே பில் போட்டார்கள். உள்ளே குளிர்பெட்டியிலிருந்து புட்டியை எடுத்து வந்த பையனின் பேச்சில் திருநெல்வேலி தெரிந்தது. "அக்கா, இத படுக்க வைக்காதீய. மூடில ஒரு துளை இருக்கும், காத்துப் போவதுக்கு. படுத்தா ஒழுகும்" என்று சொல்லி, மூடியைத் திருப்பி அந்தத் துளையையும் காட்டினான். ரயிலில் கொண்டு போகாதீர்கள் என்றும், சாப்பாட்டுப் பொருள் இருக்கும் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள் என்றும் நான் கேட்காமலே சொன்னான். டாக்சியில், வாளிக்குள் நிமிர்த்தி வைத்துக் கொண்டுவந்தேன். விற்கும் பொருளின் குணம் தெரிந்து விற்கிற கடைக்கு 380 ரூபாய் கொடுக்க எனக்குத் தயக்கமே இல்லை. தோழியின் ஆய்வகத்தில் பார்த்ததில் 29.6 சதவீதம்.

இந்த அடர்த்தியை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை இருந்ததால் என் ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு துளி பட்டது. அரை நிமிடத்தில் அந்த இடம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகி, ஊசி குத்துவதுபோல் எரிந்தது. தோலுக்குள் ஊடுருவிய பெராக்சைடு அங்கேயே சிதைந்து, நுண்ணிய ஆக்சிஜன் குமிழிகள் அடைவதால் வரும் வெண்மை அது. ஓடும் நீரில் வெகுநேரம் கழுவிய பிறகு சில மணி நேரத்தில் மறைந்தது. வெப்பத்தின் கணக்கையும் பாருங்கள். 6 சதவீதக் கரைசல் முழுவதும் ஒரே மூச்சில் சிதைந்தால் சூடு ஏறத்தாழ 40 டிகிரி ஏறும். 30 சதவீதமாக இருந்தால் கரைசல் கொதித்து, அதன் ஒரு பகுதி நீராவியாகவே பறந்துவிடும். இந்த ஆற்றலை நம்பித்தான் ரஷ்யாவின் சோயுஸ் ராக்கெட்டின் எரிபொருள் பம்புகளைச் சுழற்ற இன்றும் அடர் பெராக்சைடைப் பயன்படுத்துகிறார்கள். 2000 ஆகஸ்டில் ரஷ்யாவின் குர்ஸ்க் நீர்மூழ்கிக் கப்பலில் 118 பேர் இறந்ததற்கும் டார்பிடோவிலிருந்து கசிந்த அடர் பெராக்சைடே தொடக்கம் என்று விசாரணை கண்டது.

வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "ரெண்டு ஆக்சிஜன் நிக்குதுன்னா மூணு நிக்காதா மிஸ்?" நல்ல கேள்வி. நிற்கும், ஆனால் புட்டியில் நிற்காது. ஹைட்ரஜன் ட்ரைஆக்சைடு என்ற அந்தச் சேர்மத்தை ஓசோனும் பெராக்சைடும் வினைபுரியும்போது பெறலாம். சில கரிமக் கரைப்பான்களில் அறை வெப்பநிலையில் அதன் அரைவாழ்வு நிமிடக் கணக்கில் இருக்கும். நீரில் மில்லிவிநாடிகளில் முடிந்துவிடும், ஏனென்றால் நீர் மூலக்கூறே நடுவில் நின்று ஒரு ஹைட்ரஜனைக் கைமாற்றி, நீராகவும் கிளர்வுற்ற ஆக்சிஜனாகவும் அதைப் பிரித்துவிடுகிறது. நான்கு ஆக்சிஜன் கொண்ட ஹைட்ரஜன் டெட்ராக்சைடைக் கடுங்குளிரில் உறைய வைத்த நிலையில்தான் பார்த்திருக்கிறார்கள். ஹைட்ராக்சில், ஹைட்ரோபெராக்சில் ஆகிய தனிஉறுப்புகள் காற்றிலும் நம் உயிரணுக்களிலும் ஓயாமல் பிறந்து அழிகின்றன; காற்று மண்டலத்தில் ஒரு ஹைட்ராக்சிலின் ஆயுள் சுமார் ஒரு விநாடி. 2022இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட ஆய்வாளர்கள், கரிமத் தொகுதியோடு மூன்று ஆக்சிஜன்கள் தொடராக நிற்கும் ஹைட்ரோட்ரைஆக்சைடுகள் காற்றுமண்டலச் சூழலில் உருவாவதை நேரடியாகக் கண்டறிந்தார்கள். இந்தக் குடும்பத்தில் கடையில் வாங்கும் அளவுக்குப் பொறுமை உள்ளது பெராக்சைடு ஒன்றுதான். 1818இல் பேரியம் பெராக்சைடிலிருந்து பிரெஞ்சு வேதியியலாளர் தெனார் இதைப் பிரித்தெடுத்த நாள் முதல் அதன் பொறுமையைக் கூட்டுவதே தயாரிப்பாளர்களின் பாடாக இருந்துவருகிறது. வெள்ளி போன்ற உலோகங்கள் தாங்கள் மாறாமலே இதைச் சிதைப்பதைத் தெனார் கவனித்ததும், பிற்பாடு சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் வினையூக்கம் என்ற கருத்தை வகுக்க உதவியது.

வீட்டுப் பயனுக்கு மருந்துக் கடையின் 6 சதவீதப் புட்டியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வெள்ளைச் சட்டையில் பட்ட ரத்தக் கறைக்கு இதைவிட நல்லது நான் கண்டதில்லை. குளிர்ந்த நீரில் நனைத்து, சில துளிகள் விட்டால், ரத்தத்தில் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடை நுரைக்க வைக்கும், மீதமுள்ள பெராக்சைடு நிறத்தை வெளுக்கும். வண்ணத் துணியில் முயல வேண்டாம், சாயமும் போய்விடும். காயத்தில் ஊற்றினால் பொங்குவதும் இதே நொதியால்தான். பொங்கினால் கிருமி சாகிறது என்று நம்பி, நாள்தோறும் ஊற்றுகிறவர்கள் எங்கள் பகுதியில் அதிகம். ஆறிவரும் புதுத் திசுவையும் அது சிதைக்கிறது. சுத்தமான நீரும் சோப்பும் போதும். குழந்தைகளின் காதில் மருத்துவர் சொல்லாமல் விடக் கூடாது. வாயில் ஊற்றிக் கொப்பளிப்பதும், வினிகரோடோ அசிட்டோனோடோ வேறெந்தத் துப்புரவுத் திரவத்தோடோ கலப்பதும் கூடவே கூடாது.

வாங்கும்போது பாலின் தேதியைப் பார்ப்பதுபோல் இதன் தேதியையும் பாருங்கள். சிறிய புட்டியாக வாங்குங்கள், ஒருமுறை ஊற்றியதைத் திரும்பப் புட்டியில் விடாதீர்கள், பஞ்சை நேராக உள்ளே விட்டு நனைக்காதீர்கள். விரலின் ஒரு துளி அழுக்குகூட உள்ளே போனால் வேலையைத் தொடங்கிவிடும். சந்தேகமாக இருந்தால் ஒரு கரண்டி பெராக்சைடில் நறுக்கிய உருளைக்கிழங்குத் துண்டைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நிமிடத்தில் வெள்ளை நுரை படர்ந்தால் வலிமை இருக்கிறது. சோர்வாக ஓரிரு குமிழி மட்டும் எழுந்தால் அது ஏறக்குறைய வெறும் நீர்.

சந்துக் கடைப் புட்டியில் மிஞ்சியதை நிறைய நீர் சேர்த்துச் சாக்கடையில் விட்டேன். மருந்துக் கடைப் புட்டியை ஜன்னலில்லாத அலமாரியின் கீழ்த் தட்டில் வைத்து, ஐந்து வாரம் கழித்து, முதல் மழை பெய்த மறுநாள் மீண்டும் தரம் பார்த்தேன். பியூரெட் 13.1 மில்லி காட்டியது.